பழைய காருக்கு டர்போ போட ஆசையா? காசு போக வேண்டிய இடம் டர்போ இல்ல!

போன மாசம் சித்தப்பா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். செய்தித்தாள் மேல் வைத்திருந்த, நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு இரும்புத் துண்டு. கீழே ஒரு வரி: "அண்ணா, டர்போ வாங்கிட்டேன். பாதி வேலை முடிஞ்சுது!"

வெள்ளானூரில் வீட்டு வாசலில் அவனுடைய மாருதி எஸ்டீம் நிற்கிறது. இரண்டாவது ஓனரிடமிருந்து வாங்கியது, இன்ஜின் 1,298 சிசி. பகுதி நேர வேலையில் சேர்த்த ஒரு வருஷக் காசு மொத்தமும் அந்தக் காரில்தான். அதற்கு டர்போ போட்டு, பக்கத்தில் போகும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஒரு மிதி மிதிக்க வேண்டும். அதுதான் கனவு.

புதுப்பேட்டையில் டர்போ கிடைத்தது உண்மைதான். ஆனால் பாதி வேலை முடியவில்லை. பத்தில் ஒன்றரை பங்கு முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். மீதி எட்டரை பங்கு எங்கே இருக்கிறது, குறைந்த பட்ஜெட்டில் அதை எப்படிச் செய்வது, செய்தால் அந்தக் காரை எங்கே ஓட்டலாம் என்பதைப் பார்ப்போம். இதே ஆசை மேற்குச் சென்னையில் நிறைய பேருக்கு இருக்கிறது என்பது ஆவடி, அம்பத்தூர் பட்டறைகளில் கொஞ்ச நேரம் நின்றாலே தெரியும்.

டர்போ அப்படி என்னதான் செய்யுது?

இன்ஜின் ஒரு காற்று பம்ப். காற்று எவ்வளவு உள்ளே போகிறதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் எரிக்க முடியும். எரியும் அளவுக்குத்தான் சக்தி. சாதாரண இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாகக் காற்றை உறிஞ்சுகிறது. டர்போ அந்தக் காற்றை அமுக்கித் திணிக்கிறது.

திணிப்பதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது? சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகும் சூடான புகையிலிருந்து. புகை ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கும். சின்ன டர்போக்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் புஷி இந்த யோசனைக்கு 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

இப்படி அதிகமாகத் திணிக்கும் அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட். பங்க் கடையில் "முப்பது காத்து அடிங்க" என்கிறோமே, அதே அளவுகோலில் சொன்னால் ஒரு சாதாரண கார் இன்ஜின் தாங்கக்கூடிய ஆரம்ப பூஸ்ட் வெறும் ஆறு காத்துதான். அதாவது 0.4 பார். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அந்த ஆறுதான் இன்ஜினை உடைக்கவும் செய்யும்.

ஆவடிக்குள்ளேயே இருக்கும் உதாரணம்

வெள்ளானூரிலிருந்து தெற்கே ஆவடிக்கு வந்தால் இன்ஜின் ஃபேக்டரி இருக்கிறது. ராணுவ டாங்கிகளுக்கு இன்ஜின் செய்யும் அரசு ஆலை. 2021 அக்டோபர் முதல், ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. இங்கே இரண்டு முக்கியமான இன்ஜின்கள் தயாராகின்றன. டி-72 டாங்கிக்கு வி-46-6. டி-90 டாங்கிக்கு வி-92எஸ்2. முழுக்க உள்நாட்டுப் பாகங்களுடன் செய்யப்பட்ட இந்த இரண்டையும் 2018 ஜூலையில் அப்போதைய பாதுகாப்புத் துறை அமைச்சர் நிர்மலா சீதாராமன் ராணுவத்திடம் ஒப்படைத்தார். செய்தியாக எல்லா சேனல்களிலும் வந்தது.

இரண்டும் 12 சிலிண்டர் டீசல் இன்ஜின். இரண்டின் கொள்ளளவும் சுமார் 38.8 லிட்டர். ஆனால் வி-46-6 தருவது 780 குதிரைசக்தி, வி-92எஸ்2 தருவது 1,000. பெரிய வித்தியாசம், காற்றைத் திணிக்கும் முறையில் இருக்கிறது. முதல் இன்ஜினில் காற்றை அமுக்கும் சக்கரத்தை இன்ஜினே பல்சக்கரம் மூலம் சுற்றுகிறது. அதாவது தன் சக்தியில் ஒரு பங்கை அதற்கே செலவழிக்கிறது. இரண்டாவதில் அந்த வேலையைப் புகை செய்கிறது. டர்போ.

இன்னொரு விஷயம் இதில் முக்கியம். இந்த இன்ஜின் குடும்பத்தின் தாத்தா, இரண்டாம் உலகப்போரில் ஓடிய சோவியத் டி-34 டாங்கியின் வி-2. ஏறக்குறைய அதே கொள்ளளவில் அது கொடுத்தது 500 குதிரைசக்தி. 500, 780, 1,000 என்று ஏற சுமார் அறுபது வருஷம் ஆகியிருக்கிறது. நம்ம தம்பி 85 குதிரைசக்தி எஸ்டீமை 150 ஆக்க நினைக்கிறான். தீபாவளிக்குள்!

40 டிகிரி வெயிலில் டர்போவின் கணக்கு

பூஸ்ட் 0.4 பார் என்றால் சக்தி 40 சதவீதம் ஏறும் என்று யூடியூப்பில் சொல்வார்கள். சென்னையில் அது நடக்காது. ஏன்?

காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்ப்பை வேகமாக அடித்தால் அடிப்பகுதி சுடுமே, அதேதான். மே மாசம் வெளியே 40 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுமாரான டர்போ 65 சதவீதத் திறனில் வேலை செய்தால், 0.4 பார் அமுக்கிய பிறகு வெளியே வரும் காற்று கிட்டத்தட்ட 89 டிகிரியில் இருக்கும். சூடான காற்று விரிந்துவிடும். அதே இடத்தில் அடங்கும் காற்றின் எடை குறையும். கணக்குப் போட்டால் கூடுதலாக உள்ளே போகும் காற்று 40 சதவீதம் இல்லை, சுமார் 21 சதவீதம்தான்.

நடுவில் ஒரு இன்டர்கூலர் வைத்து அந்தக் காற்றை 55 டிகிரிக்குக் கொண்டுவந்தால் இதுவே 33 சதவீதம் ஆகிறது. பூஸ்டை ஒரு புள்ளி கூட ஏற்றாமல் வெறும் ஒரு குளிர்விக்கும் பெட்டியால் கிடைக்கும் லாபம் இது. பழைய டீசல் கார்களின் இன்டர்கூலர் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, தண்ணீரில் முக்கி கசிவு பார்த்து வாங்கினால் போதும். காசு குறைவாக இருக்கும்போது முதலில் செய்ய வேண்டியது இதுதான். பூஸ்டை ஏற்றுவது கடைசி.

ஆக, 85 குதிரைசக்தி இன்ஜினில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது 110 பக்கம். 150 இல்லை. கேட்க ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் டன் கணக்கில் எடை இல்லாத ஒரு எஸ்டீமில் 110 என்பது சின்ன விஷயம் இல்லை.

இன்ஜின் எதனால உடையுது?

"அதிக சக்தி வந்தா உடையும்" என்பது பாதி உண்மை. இந்த அளவு பூஸ்டில் இன்ஜினை உடைப்பது பெரும்பாலும் நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு பரவி முடிப்பதற்குள், சூடும் அழுத்தமும் தாங்காமல் ஓரத்தில் இருக்கும் மீதிக் கலவை தானாக வெடிப்பது. தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டின மாதிரி சத்தம் வரும். டர்போ சத்தத்தில் அது காதில் விழாமலும் போகலாம். சில நொடிகள் போதும், பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடைந்துவிடும். அல்லது ஹெட் கேஸ்கெட் போகும்.

பெரிய கம்பெனியே இதில் அடிபட்டிருக்கிறது. டர்போ போட்டு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். 1962. அதன் கம்ப்ரெஷன் விகிதம் 10.25. டர்போ இன்ஜினுக்கு அந்தக் காலத்தில் ரொம்ப அதிகம். நாக்கிங்கைத் தடுக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டாங்கில் ஊற்றி, பூஸ்ட் வரும்போதெல்லாம் இன்ஜினுக்குள் தெளித்தார்கள். வாங்கினவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். பிரச்சினை மேல் பிரச்சினை. கடைசியில் கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றி சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொடுத்தது.

ஜெனரல் மோட்டார்ஸுக்கே இந்த நிலைமை என்றால், வீட்டு வாசலில் செய்கிறவன் கம்ப்ரெஷனைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது.

தடி கேஸ்கெட் போட்டா சரியாகிடுமா?

பட்டறையில் அடிக்கடி கேட்கிற யோசனை இது. "ரெண்டு கேஸ்கெட் வெச்சு டைட் பண்ணிடலாம் தம்பி, கம்ப்ரெஷன் இறங்கிடும்." இதைக் கொஞ்சம் கணக்கில் பார்ப்போம்.

1,298 சிசியை நாலால் வகுத்தால் ஒரு சிலிண்டர் 324.5 சிசி. கம்ப்ரெஷன் 9.5 என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 38.2 சிசி. அதை 8.5-க்கு இறக்க வேண்டும் என்றால் அந்த இடம் 43.3 சிசி ஆக வேண்டும். வித்தியாசம் 5.1 சிசி. சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீட்டர். அப்படியானால் கேஸ்கெட் கிட்டத்தட்ட 1.2 மில்லிமீட்டர் தடிமன் கூட வேண்டும்.

கம்ப்ரெஷன் இறங்கும், உண்மை. ஆனால் பிஸ்டனின் ஓரமும் ஹெட்டின் சமதளமும் ஒன்றையொன்று ஒட்டி வந்து கலவையை நடுவுக்குத் தள்ளுகிற வேலை கெட்டுப்போகும். அந்தத் தள்ளல்தான் நெருப்பை வேகமாகப் பரவவிட்டு நாக்கிங்கைத் தடுப்பது. நாக்கிங்கைத் தடுக்கப் போய் அதற்கே வழி திறந்துவிட்ட கதை. கூடவே இரண்டு கேஸ்கெட் அடுக்கினால் சீல் நிற்பதும் சந்தேகம்.

இதற்குச் சரியான வழி பிஸ்டன் தலையில் 5 சிசி அளவுக்குப் பள்ளம் உள்ள பிஸ்டன். அல்லது, பட்ஜெட் ரொம்ப இறுக்கமாக இருந்தால், கம்ப்ரெஷனைத் தொடாமலே விட்டுவிட்டு பூஸ்டை 0.4 பாருக்குள் பூட்டி வைத்து, பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது. ஒரு பவுண்டு அழுத்தத்துக்கு ஒரு டிகிரி என்பது பழைய நாட்டு வைத்தியக் கணக்கு. ஆறு பவுண்டுக்கு ஆறு டிகிரி. ஆரம்பப் புள்ளியாக அது மோசமில்லை. தம்பிக்கு நான் சொன்னது இந்த இரண்டாவது வழியைத்தான்.

லேத் பட்டறையில் கணக்குப் பார்க்காதீங்க

கையில் 100 ரூபாய் இருந்தால் அதை எப்படிப் பிரிப்பேன்? என் கணக்கு இது. டர்போவுக்கு 15. இன்ஜினைத் திறந்து மூடுவதற்கு 30. பெட்ரோல், ஈசியூ பக்கம் 30. ஆயில், தண்ணீர், பைப், இன்டர்கூலருக்கு 15. மீதி 10 கண்டிப்பாகத் தனியாக இருக்க வேண்டும். ஏனென்றால் ஹெட் ஒரு தடவையாவது மறுபடி கழற்ற வேண்டி வரும்!

இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இன்ஜின் முதலில் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறது. அதற்கு டர்போ போடுவது காய்ச்சல்காரனை ஓடச் சொல்வது மாதிரி.

பழைய பிளாக் என்பதால் பயப்பட வேண்டாம். 1983-ல் நெல்சன் பிக்கே டர்போ காரில் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனார். டர்போ இன்ஜினுடன் அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஓட்டுநர் அவர். அந்த பிஎம்டபிள்யூ இன்ஜினின் அடிப்படை, சாதாரண ரோடு கார்களில் வந்த இரும்பு பிளாக். ஓடித் தேய்ந்த பிளாக்கில் வார்ப்பின் உள் இறுக்கங்கள் தளர்ந்து நிலைத்துவிடும் என்று பழையதையே தேடி எடுத்தார்கள். எஸ்டீமின் பிளாக் அலுமினியம், கதை வேறு. ஆனால் பழசு என்பது மட்டும் குற்றமில்லை. அளவு தவறியிருந்தால்தான் குற்றம்.

பட்டறையில் செய்ய வேண்டியது என்ன? சிலிண்டரை ஹோனிங் செய்து புது ரிங் செட். அளவு போயிருந்தால் போரிங். கிராங்க்கை அளந்து, தேவைப்பட்டால் பாலிஷ், புது பேரிங் ஷெல். ஹெட்டின் அடிப்பரப்பு சமமா என்று நேர்கோல் வைத்துப் பார்த்து, 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் ஃபேசிங். வால்வு லேப்பிங். புது ஹெட் போல்ட். இதில் எதுவும் ஆடம்பரம் இல்லை. நல்ல இன்ஜின் வேலை தெரிந்த எந்தப் பட்டறையும் செய்கிற வேலைதான். செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் ஆலை 1949-லிருந்து பிஸ்டன் செய்கிற ஊர் இது. கை வேலை தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் பட்டறைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் கம்பெனி அளவிலேயே கட்டிவிடுவார். அது ரிங் கேப்.

பிஸ்டன் ரிங் முழு வட்டம் இல்லை. ஒரு இடத்தில் வெட்டு இருக்கும். சூட்டில் ரிங் நீளும்போது அந்த இடைவெளி அதற்கு இடம் கொடுக்கும். டர்போ போட்டால் சூடு கூடும், ரிங் இன்னும் நீளும். இடைவெளி போதாவிட்டால் இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டு, ரிங் சிலிண்டரைக் கீறி, பிஸ்டன் விளிம்பையே பெயர்த்துவிடும். மிதமான பூஸ்டுக்கு விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.005 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பொதுவான கணக்கு. 74 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு மேல் ரிங்கில் 0.37. கம்பெனி விடுவது பெரும்பாலும் இதைவிடக் குறைவு.

இதற்கு என்ன செலவு? ஒரு மெல்லிய அரம், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு சாயங்காலம். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இடைவெளியை அளந்து, ஒரு முனையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அரவி, மறுபடி அளந்து... பொறுமை வேண்டும். அதிகமாக அரவிவிட்டால் ரிங் செட் வீண். மொத்த வேலையிலும் ரூபாய்க்கு அதிகப் பாதுகாப்பு கொடுப்பது இந்தச் சாயங்காலம்தான் என்பேன்.

இன்ஜின் திறந்திருக்கும்போதே ஆயில் சம்ப்பில் ஓட்டை போட்டுவிட வேண்டும். டர்போவுக்கு மேலிருந்து ஆயில் போய், கீழே தானாக வழிந்து சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் குழாய் தடியாக, மேடு இல்லாமல், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லாவிட்டால் டர்போவில் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி, சைலன்சர் வழியே வெள்ளைப் புகையாக வரும். "டர்போ போச்சு" என்று தூக்கிப் போடுகிற பல டர்போக்கள் உண்மையில் போனவை இல்லை. குழாய்தான் தப்பு.

புதுப்பேட்டை டர்போவில் இருக்கும் கண்ணி

தம்பி வாங்கினது 1.3 லிட்டர் டீசல் காரின் டர்போ. இந்தியாவில் பழைய பாகமாக அதிகம் கிடைப்பது இந்த வகைதான். பெட்ரோல் இன்ஜினுக்குப் பொருந்துமா?

காற்றின் அளவில் கிட்டத்தட்டப் பொருந்தும். டீசல் இன்ஜின் 4,000 சுற்றில், அதிக பூஸ்டில் இழுக்கும் காற்றும், நம் பெட்ரோல் இன்ஜின் 6,000 சுற்றில் குறைந்த பூஸ்டில் இழுக்கும் காற்றும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். ஆனால் அந்த டர்போ தன் திறனின் ஓரத்தில் ஓடும். மேல் சுற்றில் மூச்சு முட்டும். பரவாயில்லை, கீழே சீக்கிரம் பிக்கப் கிடைக்கும்.

ஆபத்து வேறு இடத்தில். அந்த டர்போவின் பக்கவாட்டில் ஒரு சின்ன டப்பாவும் கம்பியும் இருக்கும். வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர். பூஸ்ட் ஒரு அளவைத் தொட்டதும் புகையை வேறு வழியில் திருப்பிவிடும் கதவு அது. டீசலில் அதன் ஸ்பிரிங் 1 பாருக்கு மேல் போன பிறகுதான் திறக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். அப்படியே தூக்கி பெட்ரோல் இன்ஜினில் மாட்டினால், 0.4 பார் என்று நினைத்துக்கொண்டு மிதிக்கும்போது அது 1 பாரைத் தாண்டும். முதல் டெஸ்ட் டிரைவிலேயே இன்ஜின் முடிந்துவிடும். மெல்லிய ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டர் மாற்றி, காற்று கம்ப்ரெஸரும் பிரஷர் கேஜும் வைத்து, எந்த அழுத்தத்தில் கம்பி நகர்கிறது என்று மேஜை மேலேயே பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, பெட்ரோல் புகை டீசல் புகையைவிட அதிகச் சூடு. அதனால் டீசல் டர்போவின் இரும்பு நாளடைவில் விரிசல் விடலாம். உள்ளே நகரும் இறக்கைகள் கொண்ட விஜிடி வகை டர்போ என்றால் கிட்டவே போக வேண்டாம், அந்தச் சூட்டில் இறக்கைகள் சிக்கிக்கொள்ளும். வாங்கும்போது தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. சக்கரம் ஓட்டில் உரசினாலோ, முன்னும் பின்னும் ஆடினாலோ வேண்டாம்.

காற்று கூடினா பெட்ரோலும் கூடணும்ல?

கண்டிப்பாக. இங்கேதான் நிறைய பேர் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்து இன்ஜினை இழக்கிறார்கள்.

113 குதிரைசக்திக்கு ஒரு இன்ஜெக்டர் நிமிடத்துக்கு சுமார் 220 மில்லிலிட்டர் பெட்ரோல் விடும் திறனோடு இருக்க வேண்டும். பழைய இன்ஜெக்டர் அந்த அளவுக்கு வருமா என்பதை லேபில் அளந்து சொல்வார்கள். பெட்ரோல் பம்ப்பின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஈசியூ. டர்போ இல்லாத கார்களில் காற்றழுத்தம் அளக்கும் மேப் சென்சார், வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும்தான் படிக்கும். அதற்கு மேல் பூஸ்ட் வந்தால் அதற்குத் தெரியாது. காற்று கூடும், பெட்ரோல் கூடாது, கலவை வறண்டு சூடேறும், நாக்கிங். எனவே பூஸ்டை அளக்கும் சென்சாரும், அதைப் புரிந்துகொள்ளும் தனி ஈசியூவும் வேண்டும். விலை உயர்ந்த ரேஸிங் ஈசியூ தேவையில்லை. அர்டுயினோ போர்டை வைத்து ஓடும் ஸ்பீடுயினோ, பல வருஷமாக ஆர்வலர்கள் பயன்படுத்தும் மெகாஸ்குவர்ட் என்று குறைந்த செலவில் வழிகள் இருக்கின்றன. சாலிடரிங் தெரிந்த இன்ஜினியரிங் மாணவனுக்கு இது எட்டாத விஷயம் இல்லை. கூடவே வைடுபேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று. அது இல்லாமல் டியூனிங் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது.

நம் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். மைலேஜ் குறைகிறது என்று திட்டாத ஆள் இல்லை. ஆனால் டர்போவுக்கு அதில் ஒரு நல்லது உண்டு. இதன் ஆக்டேன் எண் 95. முன்பு சாதாரண பெட்ரோலில் அது 91. நாக்கிங்கைத் தாங்கும் சக்தி அதிகம் என்று அர்த்தம். பதிலுக்கு, அதே காற்றுக்கு இன்னும் அதிக அளவு பெட்ரோல் விட வேண்டும். பழைய எஸ்டீமின் ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்ற வேண்டும். சூடான டர்போவுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஹோஸ் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ரோட்டில் ஓட்டலாமா? சட்டம் என்ன சொல்லுது?

ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றி அமைக்க அனுமதி இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்ற முறைப்படி வழி இருக்கிறது. சக்தியைக் கூட்ட டர்போ போடுவதற்கு அப்படி ஒரு வழி இல்லை.

அதே 2019-ல் வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, இப்படி மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 5,000 தானே என்று நினைக்கிறவர்களுக்கு: சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். வெளிவட்டச் சாலையில் ஒருவர் மேல் மோதிவிட்டால் அந்தத் தொகை யார் தலையில் விழும்? வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை வரலாம். அந்தச் சாலையில் லாரிகளும், அதற்கு நடுவே பைக்கில் வேலைக்குப் போகிறவர்களும் ஓடுகிறார்கள். எஸ்டீமின் பிரேக் 85 குதிரைசக்திக்கு வடிவமைத்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அப்போ எங்கதான் ஓட்டுறது?

வெள்ளானூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வலிக்கும். ரெட்ஹில்ஸ் தாண்டி சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில்தான் ஒரு காலத்தில் இந்தியாவின் பெரிய கார் பந்தயங்கள் நடந்தன. நாடு முழுவதிலிருந்தும் கைவேலை செய்த இன்ஜின்களோடு வந்து இறங்குவார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் டிராக் வந்த பிறகு எல்லாம் அங்கே போய்விட்டது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அந்த டிராக் இன்றும் ஓடுகிறது. மாற்றி அமைத்த காரை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய், பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு ஓட்ட வேண்டிய இடம் அதுதான்.

மாணவர்களுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற கல்லூரிப் போட்டிகள். அவற்றில் 710 சிசி வரை இன்ஜின், டர்போவுக்கும் அனுமதி. ஆனால் எல்லாக் காற்றும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. காசை வைத்து ஜெயிக்க முடியாதபடி செய்த விதி அது. 1980-களின் கடைசியில் அதே கோவையில் கரிவரதன், மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைச் செய்தவர். நம்ம ஊரில் குறைந்த காசில் வேகம் என்பதற்கு நீண்ட பரம்பரை இருக்கிறது.

ரோட்டில் தினமும் ஓட்டத்தான் டர்போ வேண்டும் என்றால், பதில் வேறு. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் பக்கத்து ஹூண்டாய் ஆலையிலிருந்து 2019-ல் வந்த வென்யூவின் 998 சிசி டர்போ இன்ஜின், 120 குதிரைசக்தி கொடுத்தது. வாரண்டியோடு, ஆர்சி புத்தகத்தில் உள்ளபடி. மாருதியின் பலேனோ ஆர்எஸ் 2017-லேயே ஒரு லிட்டர் டர்போவோடு வந்தது. இந்த மாதிரி கார்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. மேலே சொன்ன வேலையையெல்லாம் செய்து முடிக்கும் செலவையும், பழைய காரின் விலையையும் கூட்டிப் பாருங்கள். பலருக்கு இதுவே மலிவாக வரும்.

இதையெல்லாம் தம்பியிடம் போனில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. "அப்போ தீபாவளிக்கு முடியாதா அண்ணா?" என்றான். முடியாது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளானூர் போயிருந்தேன். எஸ்டீமின் இன்ஜின் கீழே இறங்கி, மாடிப்படிக்கு அடியில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் கம்ப்ரெஷன் குறைவாக இருந்ததாம். சித்தி துணி காய வைக்க இடமில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். டர்போ அதே செய்தித்தாளில் சுற்றி அலமாரி மேல் இருக்கிறது. தம்பி கையில் ஃபீலர் கேஜ். முதல் ரிங்கில் 0.28 காட்டுகிறது, இன்னும் 0.09 அரவணும் என்றான்.

கூடவே கல்லூரி டீமில் சேர பெயர் கொடுத்திருக்கிறான். அவர்களிடம் டைனமோமீட்டர் இருக்கிறதாம்.

"அங்க மாட்டி ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் சொல்றேன்ணா" என்றான்.